கதவைத் தட்டும் காதலன்: உன்னதப்பாட்டை யூதர்கள் வாசித்த விதம்

எபிரேய வேதாகமத்தில் எட்டே அதிகாரங்கள் கொண்ட ஒரு சின்ன நூல் இருக்கிறது. தமிழில் பழைய மொழிபெயர்ப்பில் அதன் பெயர் உன்னதப்பாட்டு. கத்தோலிக்கர் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் இனிமைமிகு பாடல். அதில் சட்டம் இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை, வம்ச வரலாறு இல்லை. கடவுளின் பெயர்கூட வெளிப்படையாக வருவதில்லை. இருப்பது ஒரு பெண்ணும் ஓர் ஆணும். அவள் இரவில் எழுந்து நகரத்து வீதிகளில் அவனைத் தேடுகிறாள். அவன் அவளுடைய கண்களையும் கூந்தலையும் கழுத்தையும் மார்பையும் பாடுகிறான். திராட்சைத் தோட்டம், மாதுளை, வெள்ளைப்போளம், மலைமேல் துள்ளும் மான் என்று ஒரு வசந்தகாலமே அதில் பூத்துக் கிடக்கிறது. இந்த நூலைத்தான் ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்கள் பஸ்கா வாரத்து ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். ஸ்பெயின் வழிவந்த செபராடி மரபினர் பலர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் இதைச் சொல்லித்தான் ஓய்வுநாளுக்குள் நுழைகிறார்கள்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. காதல் பாட்டு எப்படியோ வேதத்துக்குள் வந்துவிட்டது, வந்ததை வெளியே தள்ள முடியவில்லை, அதனால் ரப்பிகள் என்னும் யூத மத ஆசான்கள் அதற்கு ஓர் ஆன்மிகப் பொருளைப் பூசி மறைத்துவிட்டார்கள். காதலன் என்றால் கடவுள், காதலி என்றால் இஸ்ரவேல், சங்கடம் தீர்ந்தது என்பார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. அந்த உரைகளை எடுத்துப் படித்தால், காதலைக் கண்டு கூசியவர்கள் எழுதியதுபோல அவை இல்லை. மனிதக் காதலின் தீவிரம் நன்றாகத் தெரிந்தவர்கள், கடவுளுக்கும் தங்களுக்கும் நடுவில் உள்ள உறவைச் சொல்ல வேறெந்த மொழியும் போதாது என்று கண்டு இதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அதிலும், காதலர் கூடிக் களிக்கும் இடங்களைவிட, ஒருவரை ஒருவர் தவறவிடும் இடத்தில்தான் அவர்கள் அதிக நேரம் நின்றிருக்கிறார்கள்.

விவாதம் நடந்தது உண்மைதான். கி.பி. 200 வாக்கில் உருவான யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் அது பதிவாகியிருக்கிறது. பரிசுத்த நூலின் சுருளைத் தொட்ட கை சடங்குமுறைப்படி தீட்டாகும் என்பது அந்தக் காலத்து விதி. எனவே ‘உன்னதப்பாட்டு கையைத் தீட்டாக்குமா?’ என்று கேட்டால், ‘அது பரிசுத்த நூலா?’ என்று கேட்பதாகத்தான் பொருள். பிரசங்கி நூலைப் பற்றியும் இதே கேள்வி எழுந்தது. ரப்பி அக்கிவா கொதித்துப்போய்ப் பதில் சொன்னார்: உன்னதப்பாட்டு இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்ட நாளுக்கு இந்த உலகம் முழுவதுமே ஈடாகாது, வேத எழுத்துகள் எல்லாம் பரிசுத்தமானவை, உன்னதப்பாட்டோ மகா பரிசுத்தமானது. விருந்து வீடுகளில் இதைக் குரல் குழைத்துச் சாதாரணப் பாட்டாகப் பாடுகிறவனுக்கு மறுமையில் பங்கில்லை என்றும் அவர் சொன்னதாக மிஷ்னாவின் துணைத் தொகுப்பான தொசெஃப்தா கூறுகிறது. அவர் கண்டித்தார் என்றால், அப்படிப் பாடிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்.

‘மகா பரிசுத்தம்’ என்று அக்கிவா சொன்னதைச் சும்மா ஒரு புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எருசலேம் ஆலயத்தின் உள்ளறைக்குத்தான் அந்தப் பெயர். பிரதான ஆசாரியர் மட்டும், அதுவும் வருஷத்தில் பாவநிவாரண நாளில் மட்டும் நுழையும் இடம். அக்கிவாவின் காலத்தில் அந்த ஆலயம் இல்லை, கி.பி. 70இல் ரோமர்கள் அதை எரித்துவிட்டார்கள். அந்த அறைக்குள் என்ன இருந்தது என்று, மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்மூத் நினைவுகூரும் ஒரு செய்தி, முதல்முறை படிப்பவரைத் திடுக்கிட வைக்கும். திருவிழாவுக்கு மக்கள் கூடி வரும்போது திரையை விலக்கி, ஒன்றையொன்று தழுவி நின்ற கேருபீன்கள் என்னும் சிறகுள்ள உருவங்களைக் காட்டுவார்களாம். ‘பாருங்கள், கடவுள் உங்கள்மேல் வைத்திருக்கும் அன்பு ஆணும் பெண்ணும் கொண்ட அன்பு போன்றது’ என்று சொல்வார்களாம். ரப்பி கத்தினா என்பவரின் பெயரில் வரும் செய்தி இது. அடுத்த பக்கத்திலேயே இன்னொன்றும் வருகிறது: உள்ளே புகுந்த அந்நியர்கள் அந்தத் தழுவலைப் பார்த்துவிட்டு, சந்தையில் கொண்டுபோய் வைத்து ஏளனம் செய்தார்கள். ஒரே உருவம் ஒருவருக்குக் கடவுளின் அன்பு, இன்னொருவருக்கு ஆபாசம். உன்னதப்பாட்டை எப்படி வாசிப்பது என்ற சிக்கல் அத்தனையும் இந்த இரண்டு செய்திகளுக்குள் இருக்கிறது.

மிஷ்னாவிலேயே இன்னோர் இடம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. யூத நாட்காட்டியின் ஆப் மாதம் 15ஆம் நாளிலும் பாவநிவாரண நாளிலும் எருசலேமின் இளம்பெண்கள் இரவல் வாங்கிய வெள்ளை ஆடை உடுத்தி, திராட்சைத் தோட்டங்களில் போய் ஆடுவார்கள். நல்ல உடை இல்லாதவள் கூச்சப்படக் கூடாது என்பதற்காகத்தான் எல்லாருக்கும் இரவல் உடை. ‘இளைஞனே, கண்ணை உயர்த்து, யாரைத் தேர்ந்துகொள்ளப் போகிறாய் என்று பார்’ என்று அவர்கள் அழைப்பார்கள். இதைச் சொன்ன கையோடு மிஷ்னா உன்னதப்பாட்டின் மூன்றாம் அதிகாரத்து வரி ஒன்றை எடுக்கிறது: ராஜா சாலொமோனை அவனுடைய கலியாண நாளில், மனமகிழ்ச்சியின் நாளில் போய்ப் பாருங்கள். அதற்கு உரையும் அங்கேயே சொல்கிறது. கலியாண நாள் என்றால் தோரா, அதாவது திருச்சட்டம், சீனாயில் கொடுக்கப்பட்ட நாள். மனமகிழ்ச்சியின் நாள் என்றால் ஆலயம் கட்டப்பட்ட நாள். தோட்டத்தில் மாப்பிள்ளை தேடும் பெண்களும் சீனாய் மலையும் ஒரே பத்தியில் வருகின்றன. ஒன்றை மறைத்து மற்றொன்றைக் காட்ட வேண்டிய தேவை அந்தத் தொகுப்பாளருக்கு இருக்கவில்லை.

இந்த உருவகத்தை ரப்பிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. ஓசியா தீர்க்கதரிசி இஸ்ரவேலை வழிதவறிய மனைவியாகப் பேசினார். எரேமியா, ‘விதைக்கப்படாத வனாந்தரத்தில் நீ என்னைப் பின்பற்றி வந்த உன் மணக்கால நேசத்தை நினைத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று கடவுள் சொல்வதாக எழுதினார். எசேக்கியேலின் பதினாறாம் அதிகாரம் இதே உருவகத்தைக் கேட்கவே பயமாக இருக்கும் அளவுக்குக் கொண்டுபோகிறது. ஆனால் தீர்க்கதரிசிகளிடம் பேசுவது பெரும்பாலும் கணவன். பெரும்பாலும் குற்றம் சாட்டுகிறான். மனைவியின் குரல் கேட்பதில்லை. உன்னதப்பாட்டில் நிலைமை தலைகீழ். அதிகம் பேசுவது அவள்தான். முதல் வரியே அவளுடைய ஆசை: ‘அவர் தம்முடைய வாயின் முத்தங்களால் என்னை முத்தமிடட்டும்.’ குற்றச்சாட்டு மட்டும் கேட்டுப் பழகிய ஒரு ஜனத்துக்கு, நானும் உன்னை விரும்பினேன் என்று சொல்ல ஒரு குரலை இந்த நூல் கொடுத்தது. இதை விட்டுவிட அவர்கள் ஏன் சம்மதிக்கப் போகிறார்கள்?

சரி, அவர்கள் எப்படி வாசித்தார்கள்? யாத்திராகமத்தில் வரும் விடுதலைக் கதையைத் திறவுகோலாக வைத்துக்கொண்டார்கள். ‘பார்வோனுடைய இரதங்களில் பூண்ட குதிரைக்கு உன்னை ஒப்பிடுகிறேன்’ என்று காதலன் முதல் அதிகாரத்தில் சொல்கிறான். பார்வோன் என்ற பெயர் வந்ததும் அவர்களுக்குச் செங்கடல் நினைவுக்கு வந்தது. ‘மாரிகாலம் சென்றது, மழை பெய்து ஓய்ந்தது, எழுந்து வா’ என்ற அழைப்பு எகிப்திலிருந்து புறப்படும் அழைப்பானது. புறப்பட்டது நிசான் மாதம், வசந்தத்தில். பஸ்காவில் இதை வாசிப்பதன் காரணமும் இதுதான். ‘கன்மலையின் வெடிப்புகளில் தங்கும் என் புறாவே’ என்பதற்கு மித்ராஷ் என்னும் ரப்பிகளின் வேத விளக்கம் ஒரு காட்சியைத் தருகிறது. பருந்துக்குப் பயந்து பறந்த புறா பாறை இடுக்கில் நுழையப் பார்க்கிறது. உள்ளே பாம்பு சீறுகிறது. வெளியே போகவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை. சிறகடித்துக் கதறுகிறது, கூண்டுக்காரன் வந்து காப்பாற்றட்டும் என்று. பின்னால் பார்வோன் படை, முன்னால் கடல். ‘உன் சத்தத்தை எனக்குக் கேட்கப்பண்ணு’ என்று அதே வசனத்தில் காதலன் கேட்பது அந்தக் கதறலைத்தான் என்கிறார்கள்.

முதல் வரியின் முத்தம் சீனாய் மலையில் நிகழ்கிறது. ஒவ்வொரு கட்டளையும் இஸ்ரவேலர் ஒவ்வொருவரிடமும் போய், தன்னை ஏற்றுக்கொண்டால் வரும் பொறுப்புகளையும் பலனையும் விளக்கி, ‘ஏற்றுக்கொள்கிறாயா?’ என்று கேட்கும். ‘ஆம்’ என்றதும் வாயில் முத்தமிடும். உன்னதப்பாட்டுக்கான மித்ராஷ் தொகுப்பில் ரப்பி யோகனானின் பெயரை ஒட்டி வரும் விளக்கம் இது. சட்டத்தை முத்தமாகப் பார்ப்பது யூத மதத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு விளங்காத இடம். சட்டம் என்றாலே சுமை என்று பழகிய கண்ணுக்கு இது தெரியாது. யோகனான் வாழ்ந்தது மூன்றாம் நூற்றாண்டில், கலிலேயாவின் திபேரியாவில். அதே காலத்தில் அவ்வளவு தொலைவில்லாத செசரியாவில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் இருந்தார். அவர் இதே நூலுக்கு உரை எழுதி, மணமகள் திருச்சபையே என்றார். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பிரசங்கங்களில் கேட்டுப் பழகிய விளக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. இரண்டு சமூகங்களும் ஒரே காதலனுக்கு உரிமை கொண்டாடியதாகச் சொல்லலாம்.

எல்லா விளக்கமும் ஒரே தரம் என்று நான் சொல்லவில்லை. ‘உன் இரண்டு மார்பகங்களும் இரட்டை மான்குட்டிகள்’ என்பதற்கு மோசேயும் ஆரோனும் என்று பொருள் சொல்வது, இருவரும் இஸ்ரவேலுக்குப் பாலூட்டினார்கள் என்ற காரணம் தெரிந்த பிறகும், எட்டாத தூரத்தில்தான் நிற்கிறது. ஆனால் அதே தொகுப்பில் ஒரு கதை வருகிறது. சீதோன் ஊரில் ஒரு தம்பதிக்குப் பத்து வருஷமாகக் குழந்தை இல்லை. பிரிந்துவிட முடிவு செய்து ரப்பி ஷிமோன் பார் யோகாயிடம் போனார்கள். ‘சேர்ந்தபோது விருந்து வைத்தீர்கள் அல்லவா, பிரியும்போதும் வையுங்கள்’ என்றார் அவர். விருந்தில் மது ஏறிய கணவன் மனைவியிடம், ‘இந்த வீட்டில் உனக்கு எது பிரியமோ அதை எடுத்துக்கொண்டு உன் அப்பா வீட்டுக்குப் போ’ என்றான். அவன் தூங்கியதும் அவள் ஆட்களை விட்டுக் கட்டிலோடு அவனைத் தூக்கி வரச் செய்தாள். நடுஇரவில் விழித்தவன், ‘நான் எங்கே இருக்கிறேன்?’ என்று கேட்டான். ‘என் அப்பா வீட்டில். உங்களைவிடப் பிரியமானது உலகத்தில் எனக்கு எதுவும் இல்லையே’ என்றாள். திரும்ப ரப்பியிடம் போனார்கள், அவர் ஜெபித்தார், குழந்தை பிறந்தது. மனிதரிடமே இப்படிச் சொன்ன ஒருத்திக்கு வேண்டியது கிடைத்தது என்றால், கடவுளிடம் அதையே சொல்லிக் காத்திருக்கும் இஸ்ரவேலுக்குக் கிடைக்காதா என்று மித்ராஷ் முடிக்கிறது. இதில் எதையும் எதுவும் மறைக்கவில்லை. இந்தப் பெண்ணின் காதல் நிஜமாக இல்லாவிட்டால் கடைசி வரிக்குப் பலமே இல்லை.

அக்கிவாவின் வாழ்க்கையும் இதற்குச் சாட்சி. பணக்காரர் ஒருவரின் மகள், தன் வீட்டு இடையனாக இருந்த அவரை விரும்பி மணந்து, படிக்க அனுப்பிவிட்டு, வறுமையில் 24 வருஷம் காத்திருந்தாள் என்று தால்மூத் சொல்கிறது. ஆயிரமாயிரம் சீடர்களோடு திரும்பி வந்தபோது கிழிந்த உடையில் வந்த அவளைச் சீடர்கள் தள்ளப் பார்த்தார்கள். ‘விடுங்கள், என்னுடையதும் உங்களுடையதும் அவளுடையதே’ என்றார் அக்கிவா. ரோமருக்கு எதிரான பார் கோக்பா கிளர்ச்சியின் காலத்தில், கி.பி. 135ஐ ஒட்டி, ரோமர்கள் அவரை இரும்புச் சீப்புகளால் சதையைக் கிழித்துக் கொன்றார்கள். முழு ஆத்துமாவோடும் கடவுளை நேசி என்ற கட்டளையை நிறைவேற்றும் வாய்ப்பு எனக்கு எப்போது வரும் என்று நாளெல்லாம் தவித்தேன், இப்போது வந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே உயிரை விட்டதாக மரபு. அவர் பெயரிலேயே மெக்கில்தா என்ற பழைய உரைநூலில் ஒரு விளக்கம் இருக்கிறது. உலகத்து ஜாதிகள் இஸ்ரவேலைப் பார்த்து, ‘மற்ற நேசரைவிட உன் நேசரிடம் என்ன விசேஷம், அவருக்காக இப்படிச் சாகிறாயே?’ என்று கேட்கின்றன. உன்னதப்பாட்டில் எருசலேமின் தோழியர் காதலியிடம் கேட்கும் அதே கேள்வி. காதலி தன் நேசனைத் தலைமுதல் கால்வரை வருணிக்கிறாள். ‘நாங்களும் உன்னோடு வருகிறோம்’ என்கிறார்கள் அவர்கள். அவள் சொல்கிறாள்: நான் என் நேசருடையவள், என் நேசர் என்னுடையவர். தியாகிகளின் காலத்தில் காதல் பாட்டு எந்த வேலையைச் செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறகு நெடிய நூற்றாண்டுகள். பிரான்சின் துருவா நகரத்தில் வாழ்ந்த ராஷி (1040–1105) இந்த நூலுக்கு எழுதிய உரைதான் இன்றுவரை பெரும்பாலானோர் கையில் இருப்பது. உரையின் முன்னுரையிலேயே தன் திறவுகோலைக் கொடுத்துவிடுகிறார். இஸ்ரவேல் மீண்டும் மீண்டும் நாடு கடத்தப்படும் என்று சாலொமோன் பரிசுத்த ஆவியால் கண்டு, கணவன் உயிரோடிருக்கும்போதே விதவை நிலையில் தவிக்கும் ஒரு பெண்ணின் வாயில் இந்தப் பாட்டை வைத்தார் என்கிறார். அவள் இளமைக் காதலை நினைக்கிறாள், தன் தவற்றை ஒத்துக்கொள்கிறாள். அவனும் அவள் துன்பத்தில் துன்பப்படுகிறான், அவளை அவன் மனதார அனுப்பவில்லை, அவள் இன்னமும் அவன் மனைவிதான். ராஷி இளமையில் படித்த மைன்ஸ், வொர்ம்ஸ் நகரங்களின் யூதர்கள் 1096இல் முதல் சிலுவைப் போர்க் கும்பல்களால் கொன்று குவிக்கப்பட்டார்கள். கடவுள் யூதர்களைத் தள்ளிவிட்டு வேறொருத்தியைத் தேர்ந்துகொண்டார் என்று சுற்றியிருந்த உலகம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நடுவில் ‘இன்னமும் அவன் மனைவிதான்’ என்று எழுதுவது எவ்வளவு பெரிய காரியம்!

ராஷி நேர்ப்பொருளையும் விடவில்லை. முத்தத்துக்கு உரை சொல்லும்போது, சில ஊர்களில் கையிலும் தோளிலும் முத்தமிடுவார்கள், இவளோ மணமகன் மணமகளுக்குத் தரும் முத்தத்தைக் கேட்கிறாள் என்று முதலில் விளக்கிவிட்டுத்தான் சீனாய்க்குப் போகிறார். ஸ்பெயினில் பிறந்த ஆபிரகாம் இப்னு எஸ்ரா இன்னும் ஒரு படி மேலே போய், நூல் முழுவதையும் மூன்று முறை தனித்தனியாக விளக்கினார்: முதலில் சொற்களுக்கு, அடுத்து ஒரு பெண்ணும் மேய்ப்பனும் கொண்ட காதல் கதையாக, மூன்றாவதாகத்தான் இஸ்ரவேலின் வரலாறாக. இந்த ஒழுங்கு எனக்கு நேர்மையாகப் படுகிறது. நம் காலத்தில் ஆர்ட்ஸ்க்ரோல் பதிப்பகம் வெளியிடும் ஜெபநூல்களில் உன்னதப்பாட்டின் ஆங்கில வடிவம் நேர்ப்பொருளைத் தராமல், ராஷி சொன்ன உட்பொருளையே மொழிபெயர்ப்பாகத் தருகிறது. அவர்களின் நோக்கம் பக்திதான், சந்தேகமில்லை. ஆனால் காதலியை எடுத்துவிட்டு விளக்கத்தை மட்டும் கொடுத்தால், ராஷி சொன்ன அந்தத் தவிக்கும் பெண்ணையே வாசகர் பார்க்க முடியாமல் போகிறது.

இதுவரை சொன்னதில் மணமகள் ஒரு ஜனம். தமிழ் வாசகருக்கு இது கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும். நம்மாழ்வார் பராங்குச நாயகியாக உருகும்போது அங்கே தவிப்பது ஒரு தனி உயிர். யூத மரபில் அந்தத் தனி உயிருக்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர் மைமோனிடிஸ் (1138–1204). தத்துவவாதி, மருத்துவர், சட்டத் தொகுப்பாளர், உணர்ச்சியைக் கொட்டி எழுதுகிறவர் அல்ல. அப்படிப்பட்டவர் தன் சட்ட நூலில் எழுதுகிறார்: கடவுளை எப்படி நேசிக்க வேண்டும் என்றால், ஒரு பெண்மேல் காதல் நோய் பிடித்தவன் உட்காரும்போதும் எழும்போதும் உண்ணும்போதும் குடிக்கும்போதும் அவள் நினைவிலிருந்து விடுபடாமல் இருக்கிறானே, அதைவிட அதிகமாக. உன்னதப்பாட்டு முழுவதும் இதற்கான உவமைதான் என்று அங்கேயே முடிக்கிறார். அவருக்குப் பின்னால் வந்த கெர்சோனிடிஸ் போன்றவர்கள் காதலர் இருவரையும் மனித அறிவு, பிரபஞ்சத்தின் செயல்படும் அறிவு என்று ஆக்கிவிட்டார்கள். அந்த வழி அறிவாளிகளோடு நின்றுவிட்டது. தமிழோடு இன்னொரு தொடர்பும் உண்டு. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஹாயிம் ராபின், உன்னதப்பாட்டுக்கும் சங்க அகப்பாடல்களுக்கும் ஒப்புமை இருப்பதாக 1970களின் தொடக்கத்தில் ஒரு கட்டுரையில் வாதிட்டார். பெண்ணே ஏக்கத்தைச் சொல்வது, இயற்கை உணர்வோடு இணைந்து வருவது முதலியவற்றை அவர் சுட்டினார். பழைய வணிகத் தொடர்பு வழியாகத் தாக்கம் வந்திருக்கலாம் என்ற அவருடைய ஊகத்தைப் பலர் ஏற்கவில்லை. ஒப்புமை மட்டும் கண்முன்னே இருக்கிறது.

கபாலா என்னும் யூத மறைஞானம் காதலர் இருவரையும் கடவுளுக்கு உள்ளேயே கொண்டுபோனது. 13ஆம் நூற்றாண்டில் ஜெரோனா நகரத்து எஸ்ரா எழுதிய உரையிலும், அதே நூற்றாண்டின் கடைசியில் காஸ்டிலில் வெளிவந்த ஸோஹரிலும், காதலி என்பது ஷெக்கினா, அதாவது உலகத்தில் தங்கும் தெய்வப் பிரசன்னம், பெண் வடிவில். இஸ்ரவேல் நாடுகடந்து போனால் அவளும் கூடவே போகிறாள். கடவுளே தன்னிடமிருந்து பிரிந்து கிடக்கிறார் என்ற நினைப்பு, பிரிவுத் துயரைப் பிரபஞ்சத்தின் அடி ஆழம்வரை கொண்டுபோகிறது. மனிதர் செய்யும் ஒவ்வொரு நற்செயலும் அந்த இருவரைச் சேர்த்து வைக்கும் முயற்சி ஆகிறது. 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்திய பிறகு, கலிலேயாவின் சபேத் நகரத்தில் கூடிய மறைஞானிகள் இதை வாழ்க்கை முறையாகவே ஆக்கினார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வயல்வெளிக்குப் போய் ஓய்வுநாளை மணமகளாக வரவேற்றார்கள். அங்கே வாழ்ந்த சாலொமோன் அல்காபெட்ஸ் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘லெகா தோதி’ பாடல், ‘வாரும் என் நேசரே’ என்ற உன்னதப்பாட்டின் ஏழாம் அதிகாரத்து அழைப்பை எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. இன்று உலகம் முழுக்க யூத ஆலயங்களில் வெள்ளிக்கிழமைதோறும் அதைப் பாடுகிறார்கள். கடைசிப் பத்தி வரும்போது எல்லோரும் வாசலை நோக்கித் திரும்பித் தலை வணங்குகிறார்கள். தம்பதியர் கூடுவதற்கு உகந்த இரவு வெள்ளிக்கிழமை இரவு என்று கற்றறிந்தவர்களுக்குத் தால்மூத் முன்பே சொல்லியிருந்தது. சபேத்காரர்கள் அந்தக் கூடலையும் மேலே நடக்கும் சேர்க்கையோடு இணைத்தே பார்த்தார்கள்.

இனி, காதலர் ஒருவரை ஒருவர் தவறவிடுவதாக நான் முதலில் சொன்ன அந்த இடம். ஐந்தாம் அதிகாரம். அவள் தூங்குகிறாள், ஆனால் இதயம் விழித்திருக்கிறது. கதவு தட்டும் சத்தம். ‘என் பிரியமே, என் புறாவே, கதவைத் திற, என் தலை பனியில் நனைந்துவிட்டது’ என்கிறான். அவள் சாக்குச் சொல்கிறாள்: உடையைக் கழற்றிவிட்டேன், மறுபடி எப்படி உடுப்பேன்? காலைக் கழுவிவிட்டேன், மறுபடி எப்படி அழுக்காக்குவேன்? அவன் கதவுத் துவாரத்தில் கையை நீட்டுகிறான். அவள் நெஞ்சு பொங்குகிறது, எழுந்து ஓடித் திறக்கிறாள். அவன் போய்விட்டான். நகரக் காவலர்கள் அவளைப் பிடித்து அடிக்கிறார்கள். நூல் முழுக்க இவ்வளவு கொடூரமான இடம் வேறு இல்லை, அவள் செய்த தவறோ அவ்வளவு சின்னது.

மித்ராஷ் இந்தக் கதவைப் பற்றி, ‘ஊசித் துவாரம் அளவு எனக்குத் திறங்கள், வண்டிகள் நுழையும் அளவுக்கு நான் உங்களுக்குத் திறக்கிறேன்’ என்று கடவுள் கெஞ்சுவதாகச் சொன்னது. யூதா ஹலேவி அதைக் கூர்மையாக்கினார். ஸ்பெயினின் மிகப் பெரிய எபிரேயக் கவி. குஸாரி என்ற அவருடைய உரையாடல் நூலில் கசார் நாட்டு அரசன் ஒரு யூத அறிஞரைக் கேள்வி கேட்கிறான். இஸ்ரவேல் தேசத்தை இவ்வளவு புகழ்கிறீர்களே, பிறகு ஏன் அங்கே போகாமல் இருக்கிறீர்கள்? அறிஞர் தலை குனிந்து, ‘என்னை வெட்கப்பட வைத்துவிட்டீர், அரசே’ என்கிறார். அப்புறம் இந்தக் காட்சியை எடுக்கிறார். தூக்கம் என்றால் பாபிலோனிய அடிமைத்தனம். விழித்த இதயம் என்றால் அங்கேயும் தொடர்ந்த தீர்க்கதரிசனம். தட்டும் சத்தம் திரும்பி வா என்ற அழைப்பு. எஸ்ராவின் காலத்தில் கதவு திறந்தபோது சிலரே திரும்பினார்கள், வசதியானவர்கள் வீட்டையும் தொழிலையும் விட மனமில்லாமல் பாபிலோனிலேயே தங்கிவிட்டார்கள். உடையைக் கழற்றிவிட்டேன் என்ற சாக்கு அதுதான். சீயோனைப் பற்றி இன்று நாம் சொல்லும் ஜெபங்கள் கிளியும் மைனாவும் பேசுவதுபோல ஆகிவிட்டன என்கிறார். எழுதியவர் சும்மா இருக்கவில்லை. 1140இல், முதிய வயதில், ஸ்பெயினை விட்டுக் கப்பல் ஏறி எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் இறந்துபோனார்.

எண்ணூறு வருஷம் கழித்து, 1956இல், நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத்தில் ரப்பி ஜோசஃப் சொலொவெய்ச்சிக் இஸ்ரேலின் சுதந்திர நாளில் ஆற்றிய உரைக்கும் இதே வசனம்தான் தலைப்பு: தட்டுகிற என் நேசரின் சத்தம். படுகொலை முகாம்களின் இருட்டில் காதலன் ஆறு முறை தட்டினான் என்றார். ஐக்கிய நாடுகள் சபையில் எதிரெதிர் முகாம்களான அமெரிக்காவும் சோவியத்தும் யூத அரசு அமைவதற்காக ஒரே பக்கம் வாக்களித்தது ஒரு தட்டல்; ஓடிவரும் யூதனுக்குத் திறந்திருக்கும் ஒரு தேசம் கிடைத்தது இன்னொரு தட்டல். அவர் கடிந்துகொண்டது தன் சொந்தக் கூட்டத்தை, பக்தியுள்ள யூதர்களை. நீங்களும் கால் கழுவிவிட்டதாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு கட்டிலில் கிடக்கிறீர்கள் என்பதுதான் அந்த உரையின் சாரம்.

ஆனால் அதே பாட்டில் எதிர்வாதமும் இருக்கிறது. ‘எருசலேமின் குமாரத்திகளே, காதலுக்கு மனதாகும்வரை அதை எழுப்ப வேண்டாம் என்று உங்களுக்கு ஆணையிடுகிறேன்’ என்று காதலி மூன்று இடங்களில் சொல்கிறாள். தால்மூத்தில் ரப்பி செய்ரா பாபிலோனிலிருந்து இஸ்ரவேல் தேசத்துக்குப் போக விரும்புகிறார். அவருடைய ஆசிரியர் ராவ் யெகூதா போகக் கூடாது என்கிறார். அந்த வாதத்தில்தான் இந்த ஆணைகள் மூன்று சத்தியங்கள் ஆகின்றன: யூதர்கள் மதிலைப்போல் திரண்டு தேசத்துக்கு ஏறிப் போகக் கூடாது, ஜாதிகளுக்கு எதிராகக் கலகம் செய்யக் கூடாது, ஜாதிகளும் இஸ்ரவேலை அளவுக்கு மீறி ஒடுக்கக் கூடாது. செய்ரா எப்படியும் போய்விட்டார். ஆனால் சத்தியங்கள் நின்றுவிட்டன. பெர்கன்-பெல்சன் முகாமிலிருந்து தப்பி புரூக்ளினில் குடியேறிய சட்மார் என்னும் யூதப் பக்திக் குழுவின் தலைவர் ரப்பி யோவேல் டைட்டல்பாம், 1961இல் வெளியிட்ட நூலில் இவற்றை அடிப்படையாக வைத்துத்தான், மேசியா வருவதற்கு முன் யூத அரசை அமைத்தது கடவுளுக்கு எதிரான கலகம் என்று வாதிட்டார். நேரம் வரும் முன் காதலை எழுப்பிவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. தட்டியபோது எழாமல் கிடந்தார்கள் என்பது சொலொவெய்ச்சிக்கின் குற்றச்சாட்டு. இருவருக்கும் ஒரே பெண்தான் ஆதாரம். இஸ்ரேலில் வாழும் சட்மார் சமூகத்தார் இன்றும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பதில்லை, தங்கள் பள்ளிகளுக்கு அரசின் பணத்தை வாங்குவதில்லை. ஏன் என்று கேட்டால் அவர்கள் முதலில் காட்டுவது இந்த மூன்று சத்தியங்களைத்தான்.